அடிமட்டம் வைத்து இழுத்த கோடு

பார்க்டேல்,
17 செப்ரெம்பர் 2023, ஞாயிறு

ஷரோனுக்கு,

நான் பள்ளித்தோழி அன்ரனெற்றின் வீட்டில் இருக்கிறேன். தேட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் பேசினால் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன், பிறகு யார் எதைச் சொன்னோம் என்றே தெரியாமல் போகும். எழுதினால் எழுதியபடி இருக்கும்.

முதலில் மிரியத்தின் காரியங்கள். திங்கட்கிழமை நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது சோபாவுக்குப் பின்னால் கிடக்கும். வாசித்து முடிக்காத புத்தகத்தை அங்கேதான் ஒளித்து வைப்பாள். புதன்கிழமை ஜிம். சப்பாத்து நாடா கட்ட அவளுக்கு இன்னும் நேரம் எடுக்கும். நீ குனிந்து கட்டிவிடாதே, நின்று பார். 27ஆம் திகதி படம் எடுக்கிறார்கள். இரட்டைப் பின்னல், வெள்ளை றிபன். வெள்ளிக்கிழமைகளில் பிட்சா பரிமாற நான் இனி வரமாட்டேன் என்று பள்ளிக்கூட ஒபிஸுக்குச் சொல்லிவிடு. போன வருடம் ஒரு வெள்ளிகூட நான் தவறவில்லை என்பதையும் சொல்.

இனி வியாழக்கிழமை நடந்தது. நான் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். எனக்குப் பதிலாக மிரியத்தைக் கூட்டிவர நீ கிருபனை அனுப்பியதும், ஒபிஸில் பிள்ளையைக் கொடுக்க மறுத்ததும், நீ வேலையில் தொலைபேசியை எடுக்கும்வரை ஒன்றே முக்கால் மணி நேரம் அவன் மழைக்குள் நின்றதும், பிள்ளை உள்ளே கதிரையில் இருந்து கண்ணாடிக்குள்ளால் அவனைப் பார்த்து அழுததும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று மாலை பெற்றோர் ஆசிரியரைச் சந்திக்கும் விருந்துக்கு அவள் புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். அது கெட்டுப்போனதற்காக வருந்துகிறேன். ஆனால் நான் எழுதியதற்காக வருந்தவில்லை.

ஒவ்வொரு செப்ரெம்பரும் பள்ளிக்கூடம் அனுப்பும் விபரப் படிவம் அது. தகப்பன் என்ற இடத்தில் என் மகனின் பெயர் அச்சில் இருந்தது. நீ அதைப் பேனையால் கோணலாக வெட்டி, மேலே கிருபனின் பெயரை எழுதி, உறவு என்ற கட்டத்தில் தகப்பன் என்று போட்டிருந்தாய். படிவத்தில் பொய் எழுதக்கூடாது. நான் அடிமட்டம் வைத்து கிருபனின் பெயருக்கு மேலால் ஒரு கோடு இழுத்தேன். "தகப்பன் காலமானார். இவர் உறவில்லை" என்று எழுதினேன். பக்கத்தில் என் முதலெழுத்துகளை இட்டு ஒபிஸில் கொடுத்தேன். கன்னியர் மடத்தில் மதர் எங்களுக்குப் படிப்பித்த முறை அது. ஒரே கோடு, அடியில் உள்ள பிழை வாசிக்கத் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்றும் தெரிய வேண்டும். நான் ஒளித்து ஒன்றும் செய்யவில்லை.

"இனி மிரியத்தின்ரை ஒரு கடதாசியிலும் நீங்கள் கை வைக்கக்கூடாது" என்றாய். கிருபனுக்கு முன்னால் சொன்னாய். வைக்க மாட்டேன்.

என் வாசிப்புக் கண்ணாடி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. அனுப்பி வை.

கிளடிஸ் சீமோன்


வெக்ஸ்போர்ட்,
1 ஒக்ரோபர் 2023

மாமி,

கண்ணாடியை இதோடு அனுப்புகிறேன். சாம்பல் கம்பளிச் சட்டையும் வைத்திருக்கிறேன், அங்கே ஏரிக் காற்று கூட என்று அன்ரனெற் அன்ரி சொன்னா. எனக்கு உங்களைப்போல எழுத வராது. வேலையில் சாப்பாட்டு இடைவேளையில் இருந்து எழுதுகிறேன். கூட வேலை செய்கிற பிள்ளை "என்ன அக்கா, சோதனை எழுதுறீங்களோ?" என்று கேட்கிறாள்.

புத்தகம் சோபாவுக்குப் பின்னால்தான் இருந்தது. பின்னல் எனக்குச் சரியாக வரவில்லை. படத்தில் ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கிறது. மிரியம் "பரவாயில்லை அம்மா, தலையைச் சரிச்சுப் பிடிச்சனான்" என்றாள்.

மாமி, பொய் எழுதக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். மாக்கஸ் போனது 2021 தை மாதம். அதற்குப் பிறகு இரண்டு செப்ரெம்பர் அதே படிவம் வந்தது. இரண்டு தரமும் நீங்கள்தான் நிரப்பினீர்கள். இரண்டு தரமும் தகப்பன் என்று அவர் பெயர் அச்சில் இருந்தது. நீங்கள் வெட்டவில்லை. அப்போது அது பொய் இல்லையா? இதைக் கேட்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

கோடு கோணல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், கோணல்தான். அவர் பெயரை வெட்டும்போது நான் கடதாசியைப் பார்க்கவில்லை. அடிமட்டம் எடுக்கத் தோன்றவில்லை.

கிருபனை உங்களுக்குத் தெரியாதது போல "இவர்" என்று எழுதினீர்கள். மாக்கஸோடு ஒரே பண்டகசாலையில் ஏழு வருடம் வேலை செய்தவர். நெடுஞ்சாலையில் அந்த விபத்து நடந்த மறுநாள் மாக்கஸின் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தவர். கொரோனாவால் செத்தவீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் உள்ளே விடாத காலம் அது. கிருபன் பதினோராவது ஆள். பூசை முடியும்வரை கார் நிற்பாட்டுகிற இடத்தில் பனிக்குள் நின்றார். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். அன்றைக்கும் வெளியில், அந்த வியாழக்கிழமையும் வெளியில்.

மார்கழியில் நாங்கள் பதிவுத் திருமணம் செய்யப்போகிறோம். இதை உங்களுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ நாள் தேத்தண்ணியோடு உங்கள் அறை வாசலுக்கு வந்தேன். தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஷரோன்


பார்க்டேல்,
10 ஒக்ரோபர் 2023

ஷரோனுக்கு,

கண்ணாடி கிடைத்தது. கம்பளிச் சட்டையும் கிடைத்தது. மடித்த விதம் நன்றாக இருந்தது. உன் கடிதத்தில் ஒன்பது எழுத்துப் பிழைகள். திருத்தி அனுப்ப எடுத்து, வைத்துவிட்டேன். அன்ரனெற் பக்கத்தில் இருந்து சிரிக்கிறாள். "கிளடிஸ், உனக்கு இன்னும் வகுப்பு மொனிற்றர் எண்ட நினைப்பு. அந்தப் பட்ஜைக் கழட்டு" என்கிறாள். அவளுடைய வீடு பன்னிரண்டாம் மாடி. மின்தூக்கி வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்யாது. நான் குறை சொல்வதில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது நேர்மை அல்ல. ஆம், இரண்டு செப்ரெம்பர் நான் அவன் பெயரை வெட்டவில்லை. மருத்துவ அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கி, தேவாலயப் பதிவு எல்லா இடத்திலும் அவன் காலமானதை நான்தான் போய்ச் சொன்னேன். எல்லா இடத்திலும் ஒரு முத்திரை குத்தினார்கள். அந்தப் பள்ளிக்கூடக் கணினிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை அது அவனை உயிரோடு அச்சடித்து அனுப்பியது. அதற்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஆகவே பொய்யை நான்தான் தொடக்கினேன். ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் நீயும் ஒன்றை ஏற்றுக்கொள். உனக்கு முப்பத்தாறு வயது. நீ தனியாக இருந்து வாழ் என்று நான் எப்போதாவது சொன்னேனா? கிருபன் குழாய் திருத்த வந்தபோதெல்லாம் அவனுக்கு நான்தான் சாப்பாடு போட்டேன். எனக்குக் கண் இருக்கிறது. நீ வந்து சொல்வாய் என்று நானும் எத்தனையோ நாள் அந்த அறைக்குள் தேத்தண்ணியோடு இருந்தேன். மகனின் இடத்துக்கு வேறொருவர் வரப்போவதைத் தாய் எப்படி அறிய வேண்டும், ஷரோன்? பிள்ளையின் பையைத் துப்பரவாக்கும்போது, வாழைப்பழத் தோலுக்கும் கிழிந்த சித்திரத்துக்கும் இடையில், ஒரு படிவத்தில் அறிந்தேன்.

நன்றி தெரிவிக்கும் நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏழைகளுக்கு உணவு சேர்த்திருப்பார்கள். போன வருடம் போல மீன் ரின் கொடுத்திருப்பாய் என்று நினைக்கிறேன். ரின் திறக்கிற வளையம் உள்ளதாகப் பார்த்துக் கொடுத்தாயா? வாங்குகிறவர்களிடம் திறப்பான் இருக்கும் என்று எண்ணக்கூடாது.

மாமி


வெக்ஸ்போர்ட்,
22 ஒக்ரோபர் 2023

மாமி,

"மாமி" என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். கடிதத்தை வாசிக்க முதல் அதைத்தான் பார்த்தேன். வளையம் வைத்த ரின்தான் கொடுத்தேன்.

31ஆம் திகதி பின்னேரம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஹலோவீன் ஊர்வலம். வீட்டில் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். மிரியம் என்ன வேடம் போடப்போகிறாள் என்று சொன்னால் நீங்கள் கோபிப்பீர்கள். அவள் அப்பம்மாவாகப் போகப்போகிறாளாம். தலைக்குப் பவுடர், மூக்கு நுனியில் கண்ணாடி, கைப்பை, கையில் அடிமட்டம். இப்போதே வீடு முழுக்க நடந்து பழகுகிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஷரோன், இந்தக் கோப்பையை ஆர் சிங்குக்குள்ளை வைச்சது? கோப்பைக்குக் கால் இல்லை, தானாய் நடந்து போகாது" என்றாள். கிருபன் சிரித்தார். உடனே அவரிடம் திரும்பி, "நீர் என்ன பல்லைக் காட்டுறீர்? கையைக் கழுவிப்போட்டு இரும்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குளியலறைக்குள் போய் நின்றேன்.

சாப்பாட்டு மேசையில் உங்கள் கதிரையில் யாரையும் இருக்க விடுகிறாள் இல்லை. கிருபன் சுவர்ப்பக்கத்து ஸ்ரூலில் இருந்துதான் சாப்பிடுகிறார்.

கிருபன் ஒரு பூசணிக்காய் வெட்டி வைத்திருக்கிறார். உள்ளே பற்றரி மெழுகுதிரி. உண்மை நெருப்பு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

மாமி, வாருங்கோ. வந்து பின்னாலேயாவது நில்லுங்கோ. செத்தவர்களுக்கான ஆத்துமாக்களின் பூசை பள்ளிக்கூடத்தில் நவம்பர் 2ஆம் திகதி காலமை. எனக்கு அன்றைக்கு வேலை, கேட்டும் லீவு கிடைக்கவில்லை. அதற்கு நீங்கள் வருவீர்கள்தானே?

ஷரோன்


பார்க்டேல்,
27 ஒக்ரோபர் 2023

ஷரோனுக்கு,

ஊர்வலத்துக்கு நான் வரமாட்டேன். என்னைப்போல வேடமிட்ட பிள்ளையைப் பார்த்து மண்டபமே சிரிக்கும்போது, அந்த வேடத்தின் சொந்தக்காரி மூலையில் நிற்பது அழகல்ல. வேடம் என்றாலும் சரியாக இருக்க வேண்டும். இத்துடன் என் லேஸ் கைக்குட்டையை வைத்திருக்கிறேன். நான் அதைச் சட்டையின் இடது கை நுனியில் செருகுவேன், வலதில் அல்ல. அவள் கவனித்திருப்பாள்.

2ஆம் திகதி பூசைக்கு வருவேன். பின்வரிசையில் இருப்பேன். அன்றைக்குச் செய்ய வேண்டியது எல்லாம் நேரத்தோடு செய்யப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமி


பார்க்டேல்,
3 நவம்பர் 2023

ஷரோன்,

நேற்று நடந்ததை மிரியம் உனக்குச் சொல்லியிருப்பாளோ தெரியாது. நான் கண்டதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஒக்ரோபரும் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு வெள்ளைக் கடதாசி வரும். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை எழுதி அனுப்பினால் ஆத்துமாக்களின் பூசையில் வாசிப்பார்கள். இரண்டு வருடமும் மாக்கஸின் பெயரை நான் எழுதி, பையில் போட்டால் கசங்கும் என்று நானே ஒபிஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த வருடமும் அது வரும் என்று எனக்குத் தெரியும். 20ஆம் திகதி கடைசி நாள் என்றும் தெரியும். உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கை வைக்காதே என்றாயே. நான் கை வைக்காவிட்டால் எது எது நடக்காது என்று நீ அறிய வேண்டும் என்று நினைத்தேன். தடுமாறி என்னைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். கூப்பிட்டால் வரலாம் என்று நினைத்தேன். நீ கூப்பிடவில்லை. ஆகவே நீயே எழுதிக் கொடுத்திருப்பாய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அதற்கும் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் அங்கே போனேன்.

மண்டபத்தில் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் மாறிமாறிப் பெயர்களை வாசித்தார்கள். பட்டியலில் பெயர் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசலில் ஆளுக்கொரு பற்றரி மெழுகுதிரி கொடுத்திருந்தார்கள். பெயர் வாசித்ததும் எழுந்து போய்ப் பீடத்தின் முன் வைக்க வேண்டும். மிரியத்துக்கு வாசலில் கொடுக்கவில்லை. அவள் தன் சட்டைப் பையில் இருந்து ஒன்றை எடுத்து, அடியில் உள்ள விசையைத் தட்டி, மடியில் வைத்துக்கொண்டாள். பூசணிக்காய்க்குள் இருந்ததாக இருக்க வேண்டும். விளிம்பில் ஒரு விதை ஒட்டியிருந்தது.

பெயர்களைக் குடும்பப் பெயரின் ஒழுங்கில் வாசித்தார்கள். எங்கள் வழக்கத்தில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். அவள் மிரியம் மாக்கஸ். அவன் மாக்கஸ் சீமோன். அவள் முதலில் தன் எழுத்துக்கே காத்திருந்தாள். ஆங்கில எம் எழுத்து வந்ததும் முழங்காலில் எழுந்து நின்றாள். அந்த எழுத்து முடிந்தது. அவள் கொஞ்சம் யோசித்தாள். எனக்குப் பின்னால் இருந்தே தெரிந்தது. பிறகு சீமோன் என்ற தாத்தாவின் பெயர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், திரும்பக் கீழே இருந்தாள். எஸ் எழுத்து வரும்வரை அசையவில்லை. அந்த எழுத்துக்கும் நிறையப் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கழுத்தை நீட்டினாள்.

கடைசி எழுத்தும் முடிந்து பாடல் தொடங்கியது. அவள் விசையைத் தட்டி மெழுகுதிரியை அணைத்தாள். பையில் போட்டு, பொத்தானையும் பூட்டினாள். அழவில்லை.

கிருபன் வந்திருந்தான். வேலை உடுப்போடு வாசல் கதவடியில் நின்றான். அவன் சைவப் பிள்ளை, எப்போது இருப்பது எப்போது எழும்புவது என்று தெரியாமல் முழு நேரமும் நின்றபடியே நின்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. நான் எழுந்து என் மகனின் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். யார் தடுத்திருப்பார்கள்? பூசை நேரத்தில் குரல் எழுப்பக்கூடாது என்று மதர் படிப்பித்தார். எழுபத்தொன்பது வயதில் நான் அதற்குக் கீழ்ப்படிந்தேன்.

பாடல் முடியமுன் வெளியே வந்துவிட்டேன். மிரியம் என்னைக் காணவில்லை.

மாமி


வெக்ஸ்போர்ட்,
9 நவம்பர் 2023

மாமி,

மிரியம் உங்களைக் கண்டவள். "அப்பம்மா பின்னாலை இருந்தவ. லேஞ்சியை எடுத்தவ" என்றாள். கைக்குட்டை இப்போது தன்னிடம் இருப்பதால் நீங்கள் கடதாசி லேஞ்சியால் துடைத்தீர்களாம். அதுதான் அவளுக்குக் கவலை.

நான் என் பங்கைச் சொல்கிறேன். அந்த வெள்ளைக் கடதாசி என் கைக்கு வந்தது. மூன்று தரம் மேசையில் வைத்துப் பேனை எடுத்தேன். ஒரு மாதத்துக்கு முதல்தான் அதே மேசையில், அதே பேனையால், அவர் பெயரை வெட்டினேன். இப்போது அதே பெயரைச் செத்தவர் பட்டியலில் எழுத வேண்டும். எழுத முடியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. 20ஆம் திகதியும் போய்விட்டது. பிறகு உங்கள் கடிதம் வந்தது, செய்ய வேண்டியது எல்லாம் செய்யப்பட்டிருக்கும் என்று. அதை வாசித்ததும் எனக்கு மூச்சு வந்தது. மாமி கொடுத்துவிட்டா, இதை மட்டும் மாமி யாரிடமும் விடமாட்டா என்று நினைத்தேன். கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

கிருபன் அன்றைக்கு வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. "நான் சொல்லியிருக்கலாம். மாக்கஸின்ரை பேரைச் சொல்ல எனக்கென்ன, ஏழு வருசம் நாள்தோறும் கூப்பிட்ட பேர். வாய் வரைக்கும் வந்தது. ஆனா அந்தப் பள்ளிக்கூடத்திலை நான் உறவில்லை எண்டு எழுதிக் கிடக்கு. சொல்லிப்போட்டு ஆரும் திரும்பிப் பாத்தால் என்ன செய்யிறது?" என்றார். அதைப் படிவத்தில் எப்போதோ மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். "மாத்தினது தெரியும்" என்றார். 

இன்னொன்று இருக்கிறது. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். நீங்கள் எழுதினால் முழுவதும் எழுதுவீர்கள், அதனால் நானும் எழுதுகிறேன். செப்ரெம்பரில் அந்தப் படிவத்தை ஒபிஸில் கொடுக்கமுதல் மிரியம் பார்த்திருக்கிறாள். இரண்டு கோட்டையும் பார்த்திருக்கிறாள். நேற்றுச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு இருக்கும்போது கேட்டாள்: "அம்மா, முதல் நீங்கள் அப்பாவை வெட்டினீங்கள். பிறகு அப்பம்மா கிருபன் மாமாவை வெட்டினவ. இப்ப பூசைப் பட்டியலிலை அப்பாவை ஆர் வெட்டினது? அப்பம்மாவோ?"

ஒருவரும் வெட்டவில்லை என்று சொன்னேன். "அப்ப பேர் எங்கை போச்சு?" என்றாள்.

நான் சீப்பை வைத்துவிட்டேன். உங்களுக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கோ. கோபத்தில் கேட்கவில்லை, மாமி. கோபப்பட உடம்பில் ஒன்றும் இல்லை. நீங்கள் திரும்பி வரக்கூடாதா?

ஷரோன்


பார்க்டேல்,
14 நவம்பர் 2023

அன்பான ஷரோன்,

உன் கடிதத்தை நான்கு நாள் வைத்திருந்தேன். பிழை தேடவில்லை.

நேற்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஸ்ரீட்காரும் சப்வேயும் பஸ்ஸும் மாறி ஒன்றரை மணி நேரம். நான் எழுதிய வரியை நானே என் கையால் வெட்டிவிட்டு வரலாம் என்று போனேன். ஒபிஸில் இருக்கும் பெண் என்னை நன்றாக அறிவாள். போன வருடம் அவளுக்கு நான் பின்னல் ஊசி கொடுத்தேன். பாவம், முகம் சிவந்து, என் பெயர் இப்போது மிரியத்துக்குப் பொறுப்பானவர்களின் பட்டியலில் இல்லை, படிவத்தைக் காட்ட முடியாது என்றாள். இதைக் குறையாக எழுதவில்லை. நீ செய்தது சரி. உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வெளியே வந்து கிருபன் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து கண்ணாடிக்குள்ளால் அந்தக் கதிரை நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு கிட்ட என்று நான் நினைக்கவில்லை. மழை இல்லை. பத்து நிமிடம்கூட என்னால் நிற்க முடியவில்லை.

பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். பெயரை யாரும் வெட்டவில்லை. எழுத வேண்டிய இரண்டு பேரும் எழுதாமல் விட்டோம். அதை அப்படியே அவளிடம் சொல். அப்பம்மா சொன்னதாகவே சொல். அவளுக்கு விளங்கும்.

உங்கள் பங்குத் தேவாலயத்தின் வாசலுக்குப் பக்கத்தில், நவம்பர் முழுவதும் ஒரு பெரிய புத்தகம் திறந்து வைத்திருப்பார்கள். எங்களோடு இல்லாத எங்கள் அன்புக்குரியவர்கள் என்று மேலே தலைப்பு இருக்கும். யாரும் போய்ப் பெயர் எழுதலாம். மாதத்தின் கடைசி ஞாயிறு பூசையில் எல்லாப் பெயர்களையும் வாசிப்பார்கள். வருகிற ஞாயிறு பத்து மணிப் பூசைக்கு மிரியத்தைக் கூட்டி வா. அவளே எழுதட்டும். நீ எழுத வேண்டாம், நானும் தொடமாட்டேன். எட்ட நிற்பேன். அடிமட்டத்தை வீட்டில் விட்டு வருகிறேன்.

கிருபனையும் வரச் சொல். உள்ளே வரச் சொல்.

மாமி


பார்க்டேல்,
21 நவம்பர் 2023

அன்பான ஷரோன்,

ஞாயிற்றுக்கிழமை கிருபன் உள்ளே வந்தான். அது நல்லதுதான். மிரியம் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றால் சிரிப்பாய். அவள் வந்து எதிரே நின்று, லேஸ் கைக்குட்டையை நான்காக மடித்து என் கையில் தந்து, "தோய்ச்சனான்" என்றாள். பார்த்தேன். நன்றாகத் தோய்த்திருந்தாள்.

புத்தகத்தடியில் அவள் என்ன எழுதினாள் என்று உங்கள் இருவருக்கும் தெரியாது. இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்ததும் பேனையைக் கிருபனிடம் கொடுத்து மூடச் சொன்னாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். நான் சொன்னபடி எட்டத்தான் நின்றேன்.

நீங்கள் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். பார்க்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

அப்பாவின் முழுப் பெயரை எழுதியிருக்கிறாள். மாக்கஸ் சீமோன். பிழை இல்லை. எழுத்துகள் எல்லாம் கோட்டில் இருக்கின்றன. அதற்கு அடுத்த வரியில், அதே அளவில், ஆங்கில எழுத்தில் அப்பம்மா என்று எழுதியிருக்கிறாள்.

வேறு யாராவது எழுதியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த எழுத்தை எனக்குத் தெரியாதா? தலைப்பை வாசித்திருக்கிறாள். எங்களோடு இல்லாதவர்கள். அவளுடைய வீட்டில் யார் இல்லை என்று எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

உன்னிடம் இன்னொரு பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடிமட்டம் என் கைப்பையில்தான் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டி, மின்தூக்கி வரை வந்து, திரும்பிப் போய் எடுத்தேன். பழக்கம் அப்படி. இறந்தவர்களின் புத்தகத்தில் உயிரோடு இருப்பவரின் பெயர் இருப்பது பிழை. ஒரு கோடு, பக்கத்தில் முதலெழுத்து. அரை நிமிட வேலை. ஃபாதரிடம் சொன்னாலும் போதும், வாசிக்கும்போது விட்டுவிடுவார்.

நான் கைப்பையைத் திறக்கவில்லை. ஃபாதரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரக்கூடாதா என்று கேட்டிருந்தாய். வரமாட்டேன். கோபத்தால் அல்ல. அந்த வீட்டில் மார்கழியில் ஒரு குடும்பம் தொடங்கப்போகிறது. மாக்கஸின் தாய் நாள்தோறும் மேசையில் இருந்தால், கிருபன் வாழ்நாள் முழுவதும் சுவர்ப்பக்கத்து ஸ்ரூலில் இருந்துதான் சாப்பிடுவான். என் கதிரையில் அவனை இருக்கச் சொல். மிரியம் விடாவிட்டால் அப்பம்மா சொன்னது என்று சொல். ஆகவே பிள்ளை எழுதியது முழுப் பிழையும் அல்ல.

26ஆம் திகதி பத்து மணிப் பூசையில் பெயர்களை வாசிக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள ஒழுங்கில் வாசிப்பார்களாம், எழுத்து ஒழுங்கில் அல்ல, கேட்டு வைத்திருக்கிறேன். மாக்கஸுக்கு அடுத்தது நான். மிரியத்தை அந்தப் பற்றரி மெழுகுதிரியைக் கொண்டுவரச் சொல். பற்றரி இறங்கியிருக்கும், புதிது போட்டுக் கொடு. அவளுக்கு ஒரு பக்கத்தில் நீயும் கிருபனும் இருங்கள். மற்றப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் வைத்திரு. என் பெயரை வாசிக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.

அப்பம்மா